உயிர்களுக்குள் ஓடும் நேரம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் பலருடைய பிழைப்பு பிற உயிர்களின் நேரத்தை அறிந்து நடப்பது. கீரமங்கலம் பக்கத்தில் மல்லிகை பயிரிடுகிறவர்கள், மொட்டு விரிவதற்குப் பல மணி நேரம் முன்னதாக, இருள் பிரியும் முன்பே தோட்டத்தில் இறங்கியாக வேண்டும். கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விசைப்படகுத் தொழிலாளர்கள், இறால் மண்ணை விட்டு எழும் இரவில் வலை இழுத்தாக வேண்டும். கல்லணைக் கால்வாயின் கடைமடையில் சம்பா போடுகிற விவசாயிக்கு, சில பழைய ரகங்கள் முன்னே விதைத்தாலும் பின்னே விதைத்தாலும் கார்த்திகை, மார்கழியை ஒட்டித்தான் கதிர் வாங்கும் என்பது அனுபவப் பாடம்.

பூவுக்கும் இறாலுக்கும் நெல்லுக்கும் நேரம் எப்படித் தெரிகிறது? இந்தக் கேள்விக்கு அறிவியல் ஏறத்தாழ 300 ஆண்டுகளாக விடை தேடிவந்திருக்கிறது. அந்த விடையின் முக்கியமான சில பகுதிகள் நமக்குப் பக்கத்தில், மதுரையில் கிடைத்தவை. அவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது ஓர் உண்மை உறுத்துகிறது. பிற உயிர்களின் கடிகாரத்துக்கு ஏற்றபடி வாழத் தெரிந்த நாம், அவற்றை நம்பி உழைக்கும் மனிதரின் கடிகாரத்தை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

இலையில் தொடங்கிய கேள்வி

புதுக்கோட்டையிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் சாலையோரத்தில் புளியமரத்தைப் பார்க்கலாம். பொழுது சாய்ந்ததும் அதன் சிற்றிலைகள் இரண்டிரண்டாகக் கூம்பிக்கொள்ளும், விடிந்ததும் விரியும். உயிர்களின் தினசரி ஒழுங்கைப் பற்றி எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று இந்த மரத்தைப் பற்றியது என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்தரின் கடற்படையில் இருந்த ஆண்ட்ரோஸ்தெனிஸ், இன்றைய பஹ்ரைன் தீவில் இரவில் இலை மூடிப் பகலில் திறக்கும் ஒரு மரத்தைக் கண்டு குறித்துவைத்தார். கிரேக்கத் தாவர நூலாசிரியர் தியோஃப்ராஸ்டஸ் வழியாக அந்தச் செய்தி நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

வெளிச்சம் வந்தால் இலை திறக்கிறது, போனால் மூடுகிறது, இதில் என்ன வியப்பு என்று கேட்கலாம். 1729இல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ஜாக் தெ மெரான் இதைச் சோதித்துப் பார்த்தார். தொட்டாற்சிணுங்கி இனத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு செடியை வெயில் எட்டாத இருட்டறையில் வைத்தார். வெளியே பகலாக இருந்தபோது இருட்டுக்குள்ளும் இலைகள் விரிந்தன, இரவில் மூடிக்கொண்டன. சூரியனைப் பார்க்காமலே செடிக்குப் பொழுது தெரிந்திருந்தது.

ஒளி இல்லாவிட்டாலும் வேறு ஏதோ ஒரு சைகை, காந்தப்புலமோ பூமியின் சுழற்சியோ, வெளியிலிருந்து வந்துகொண்டிருக்கலாம் அல்லவா? இந்த ஐயம் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. அதற்கு எதிரான முதல் வலுவான சான்று 1832இல் கிடைத்தது. மாறாத சூழலில் வைத்த தொட்டாற்சிணுங்கியின் சுற்று சரியாக 24 மணி நேரம் இல்லை, 22 முதல் 23 மணி நேரம் என்று சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் தெ கந்தோல் கண்டார். பூமியிலிருந்து சைகை வந்திருந்தால் சுற்று 24 மணி நேரமாகவே இருந்திருக்கும். செடி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் முந்திக்கொண்டே போனது என்றால், அது தன் சொந்தக் கணக்கில் ஓடுகிறது என்று பொருள். 1983இல் ஒரு பூஞ்சையை விண்கலத்தில் ஏற்றி, பூமியின் பகலிரவோடு தொடர்பில்லாத சுற்றுப்பாதையில் வைத்துப் பார்த்தார்கள். அங்கும் அதன் தாளம் நிற்கவில்லை.

இந்தக் கடிகாரத்துக்கு இன்னொரு தனிக்குணம் உண்டு. வேதிவினைகள் பொதுவாக வெப்பம் கூடினால் விரைவாகும். உயிர்க் கடிகாரமும் அப்படி இருந்திருந்தால் சித்திரை வெயிலில் முந்தியும் மார்கழிக் குளிரில் பிந்தியும் ஓடி எதற்கும் பயன்படாமல் போயிருக்கும். பழ ஈக்கள் கூட்டை விட்டு வெளிவரும் நேரத்தை ஆராய்ந்த காலின் பிட்டென்ட்ரிக், வெப்பம் மாறினாலும் சுற்றின் நீளம் ஏறக்குறைய மாறுவதில்லை என்று 1954இல் காட்டினார். இந்தத் துறை தனித் துறையாக நிலைபெற்றதில் அந்தக் கண்டுபிடிப்புக்குப் பெரும்பங்கு உண்டு.

மதுரைக் குகையில் கிடைத்த விடை

தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு அடித்தளம் இட்டவர் எம்.கே. சந்திரசேகரன். அவருடைய ஆரம்ப ஆய்வு சென்னைக் கடற்கரையில் நடந்தது. அலை புரளும் மணலில் புதைந்து வாழும் எமெரிட்டா ஆசியாட்டிகா என்னும் சிறு நண்டினத்தைக் கடலிலிருந்து பிரித்து ஆய்வகத்தில் வைத்தார். ஓதம் இல்லாத தொட்டியிலும் அதன் நடமாட்டத்திலும் மூச்சிலும் ஏற்றவற்றத்தின் தாளமும் பகலிரவின் தாளமும் தொடர்ந்தன. 1965இல் இந்த முடிவு வெளியாயிற்று. ஓர் உயிருக்குள் சூரியனின் நேரமும் நிலவின் நேரமும் சேர்ந்தே ஓட முடியும் என்பதற்கு அந்த நண்டு சான்றாயிற்று.

ஜெர்மனியின் ட்யூபிங்கனில் பணியாற்றித் திரும்பிய பிறகு, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அவர் ஓர் ஆய்வுக்குழுவை உருவாக்கினார். விலையுயர்ந்த கருவிகளுக்காகக் காத்திராமல், சுற்றியுள்ள மலைக்குகைகளையே ஆய்வகமாக்கிக்கொண்ட குழு அது. குகையின் உட்பகுதி எப்போதும் கும்மிருட்டு. வெப்பமும் ஈரமும் அதிகம் மாறுவதில்லை. அங்கே தொங்கும் பூச்சியுண்ணி வௌவால்களுக்கு வெளியே மாலையாகிவிட்டது என்பது எப்படித் தெரியும்?

ஜி. மாரிமுத்துவும் உடன் ஆய்வாளர்களும் செய்த சோதனை எளிமையானது, அதனாலேயே அழகானது. ஒரு வௌவாலைக் கூண்டிலிட்டு, அதன் இனம் கூட்டமாக வாழும் குகைக்குள்ளேயே வைத்தார்கள். கூட்டம் மாலையில் வெளியேறி விடியலில் திரும்பியது. வெளிச்சத்தையே காணாத கூண்டு வௌவாலும் அந்த நேரத்தை ஒட்டியே சுறுசுறுப்பாக இயங்கியது. பிறகு துணை இல்லாத குகையில் ஒரு வௌவாலைத் தனியே வைத்தார்கள். அதன் நேரம் நாளுக்கு நாள் விலகி, வெளியுலகத்தோடு தொடர்பறுந்து ஓடத் தொடங்கியது. 1978இலும் 1981இலும் வெளியான இந்த ஆய்வுகள், உயிர்க் கடிகாரத்தைத் திருத்த ஒளி மட்டுமே வேண்டும் என்பதில்லை, கூட்டத்தின் நடமாட்டமும் அதைச் செய்யும் என்று இயற்கையான வாழிடத்திலேயே நிறுவின.

1985இல் நேச்சர் இதழில் வெளியான விஸ்வநாதன், சந்திரசேகரன் ஆய்வு இன்னும் நெருக்கமானது. நம் வயல் வரப்புகளில் வளை தோண்டி வாழும் சிறிய சுண்டெலியின் குட்டிகளை மாறாத சூழலில் வைத்து, தாயை மட்டும் குறிப்பிட்ட நேரத்துக்கு விட்டு, குறிப்பிட்ட நேரத்துக்குப் பிரித்தார்கள். தாய் வருவதும் போவதுமே குட்டிகளின் பகலும் இரவும் ஆயிற்று. முதல் நேரப்பாடத்தை உயிர் தன் தாயிடமே கற்றுக்கொள்கிறது.

ஒளியின் வலிமையையும் அதே குழு அளந்தது. மில்லி நொடிக் கணக்கில் மின்னி மறையும் ஓர் ஒளிக்கீற்றுகூட வௌவாலின் கடிகாரத்தை முன்னோ பின்னோ தள்ளிவிடும் என்று 1984இல் ஜோஷியும் சந்திரசேகரனும் காட்டினார்கள். தொடர்ந்த வெளிச்சத்தின் நடுவே கொஞ்ச நேரம் இருட்டைக் கொடுத்தாலும் கடிகாரம் நகரும் என்பதை அதற்கு முன்பே சுப்பராஜும் சந்திரசேகரனும் கண்டிருந்தார்கள். ஜன்னலும் கடிகாரமும் இல்லாத தனியறையில் மனிதர்களை வாரக்கணக்கில் தங்கவைத்தும் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆய்ந்தார்கள். தனித்திருந்த ஒரு பெண்ணின் மாதவிடாய்ச் சுற்று, தூக்கம் விழிப்புச் சுற்றோடு பிணைந்து ஓடவில்லை என்று 1991இல் வெளியிட்டார்கள். உடலுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட நேரக்கணக்குகள் உண்டு என்ற கருத்துக்கு அது வலுச் சேர்த்தது.

இந்த மரபு பெங்களூருக்கும் தொடர்ந்தது. அங்குள்ள ஜவஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தில் பகலிரவு மாற்றமே இல்லாத சூழலில் 600 தலைமுறைகள் வளர்ந்த பழ ஈக்களிடமும் அன்றாடத் தாளம் அழியாமல் இருந்ததை 1999இல் ஷீபா, சர்மா, சந்திரசேகரன், ஜோஷி ஆகியோர் பதிவுசெய்தார்கள். மனிதத் தலைமுறையில் சொன்னால் 600 தலைமுறை என்பது பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேல். நூற்றைம்பது ஆண்டுகூட நிறையாத மின்விளக்குக்கு நம் உடல் பழகிவிட்டது என்று சொல்கிறவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

செல்லுக்குள் நடப்பது

கடிகாரம் உள்ளே இருக்கிறது என்றால் அது எதனால் ஆனது? 1971இல் அமெரிக்காவில் ரொனால்ட் கொனோப்காவும் சீமோர் பென்சரும் பழ ஈக்களில் மூன்று திரிபுகளைக் கண்டார்கள். ஒன்றின் நாள் 19 மணி நேரம், இன்னொன்றின் நாள் 28 மணி நேரம், மூன்றாவதற்குத் தாளமே இல்லை. மூன்றும் ஒரே மரபணுவில் நேர்ந்த மாற்றங்கள். பீரியட் என்று பெயரிடப்பட்ட அந்த மரபணுவை 1984இல் ஜெஃப்ரி ஹாலும் மைக்கேல் ராஸ்பாஷும் ஓரிடத்திலும் மைக்கேல் யங் வேறோரிடத்திலும் பிரித்தெடுத்தார்கள். மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

அந்த மரபணுவின் ஆணைப்படி செல்லில் ஒரு புரதம் உருவாகிச் சேர்கிறது. போதிய அளவு சேர்ந்ததும் செல்லின் உட்கருவுக்குள் போய், தன்னை உருவாக்கிய மரபணுவையே அணைக்கிறது. புதிய புரதம் உருவாவது நிற்கிறது. பழையது மெல்லச் சிதைகிறது. புரதம் தீர்ந்ததும் தடை விலகி, மரபணு மறுபடி இயங்கத் தொடங்குகிறது. ஒரு சுற்று முடிய ஏறத்தாழ ஒரு நாள். வேறு மரபணுக்களும் நொதிகளும் இதன் வேகத்தைக் கட்டுப்படுத்துகின்றன. பாக்டீரியாவில் இது இன்னும் சிக்கனமாக நடக்கிறது. நீலப்பச்சைப் பாசி எனப்படும் சயனோபாக்டீரியாவின் மூன்று புரதங்களைச் சோதனைக் குழாயில் இட்டு, உடலே இல்லாமல் 24 மணி நேரத் தாளத்தை ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தின் தகாவோ கோண்டோ குழு 2005இல் ஓடவைத்தது.

மனிதரிடம் தலைமைக் கடிகாரம் மூளையின் அடியில், இரு கண்களின் பார்வை நரம்புகளும் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. ஏறத்தாழ 20,000 நரம்புச் செல்கள் கொண்ட சின்னஞ்சிறு முடிச்சு அது. கண்ணின் விழித்திரையில், உருவம் பார்க்கப் பயன்படும் செல்கள் தவிர, வெளிச்சத்தின் அளவை மட்டும் உணரும் தனிச் செல்கள் உண்டு என்பது 2002 வாக்கில் தெளிவாயிற்று. அவை நீல ஒளிக்கு மிகுதியாக விழித்துக்கொள்பவை. செல்போன் திரையும் வெள்ளை எல்இடி விளக்கும் இரவில் நம்மைத் தொந்தரவு செய்வது இந்தச் செல்களின் வழியாகத்தான்.

கல்லீரல், கணையம், இதயம் என ஒவ்வோர் உறுப்பிலும் கடிகாரம் ஓடுகிறது. தலைமைக் கடிகாரத்தை ஒளி திருத்துகிறது. கல்லீரலின் கடிகாரத்தைச் சாப்பாட்டு நேரம் திருத்துகிறது. நள்ளிரவில் வெளிச்சத்தில் உட்கார்ந்து உண்ணும்போது மூளை ஒரு நேரத்திலும் வயிறு வேறொரு நேரத்திலும் இருக்கின்றன. ஹார்வர்டில் சார்லஸ் செய்ஸ்லர் குழு 1999இல் துல்லியமாக அளந்தபோது மனிதக் கடிகாரத்தின் சராசரி நீளம் 24 மணி 11 நிமிடம் என்று வந்தது. அந்தச் சில நிமிடங்களை ஒவ்வொரு நாளும் காலை வெளிச்சம் சரிசெய்துகொண்டிருக்கிறது.

பூவும் நெல்லும்

சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் விதானத்தில் தாமரைக்குளத்தைத் தீட்டிய ஓவியர் பார்த்ததும், இன்று நம் ஊருணிகளில் இருப்பதும் ஒரே ஒழுங்குதான். தாமரை காலையில் விரியும். வெள்ளை அல்லி பொழுது சாய்ந்தபின் விரியும். பூசணிப்பூ விடியும்போது திறந்து வெயில் ஏறுவதற்குள் வாடிவிடும். பீர்க்கம்பூ மாலையில்தான் திறக்கும். முல்லைத் திணைக்கு மாலை, மருதத்துக்கு வைகறை என்று நிலத்தோடு பொழுதையும் சேர்த்து வகுத்த தமிழ் மரபுக்கு இந்தக் கூர்மையான கவனிப்பு புதிதன்று.

பூ தனியாக நேரம் பார்ப்பதில்லை. அதைத் தேடி வரும் பூச்சியும் நேரம் பார்க்கிறது. தேனீக்களுக்கு ஒரு குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் சர்க்கரைத் தண்ணீர் வைத்துப் பழக்கினால், வைக்காத நாளிலும் அதே நேரத்துக்கு வந்து தேடும் என்று இங்கபோர்க் பேலிங் 1929இல் காட்டினார். இரவுப் பூக்கள் வெண்மையாகவும் வாசமாகவும் இருப்பது அந்தியில் பறக்கும் விட்டில்களுக்காக. பெட்டூனியாப் பூவில் வாசனை சுரக்கும் நேரத்தைக் கடிகார மரபணு ஒன்று நேரடியாகக் கட்டுப்படுத்துவதை 2015இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

மல்லிகை வியாபாரம் முழுவதும் இந்த ஒழுங்கின் மேல் நிற்கிறது. அன்று மாலை விரியப்போகும் மொட்டை அதிகாலையில் பறித்தால்தான் பூக்கடைக்கும் வெளியூருக்கும் போய்ச் சேர்ந்து, கூந்தலில் ஏறும்போது மணக்கும். வெயில் ஏறியபின் பறித்தால் மொட்டு வதங்கும், விலை விழும். ஆகவே பறிப்பவர்கள், பெரும்பாலும் பெண்கள், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே செடிகளுக்கு நடுவே குனிகிறார்கள். வீட்டு வேலை முடித்துப் படுக்க இரவு பத்தோ பதினொன்றோ ஆகும்; எழுவதோ மூன்று, நான்கு மணிக்கு. செடியின் நேரத்துக்குக் கொடுக்கும் மரியாதைக்கு அவர்களுடைய தூக்கம் விலையாகிறது.

நெல்லின் கணக்கு நாளை மட்டுமன்றிப் பருவத்தையும் அளப்பது. புதுக்கோட்டை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்தரைப் பாகைக்குச் சற்றுக் குறைவான தொலைவில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணி பத்து நிமிடம்தான். மனிதர் கவனிக்கத் தவறும் இந்தச் சிறிய மாற்றம் பழைய சம்பா ரகங்களுக்குப் போதும். இரவு நீளத் தொடங்கியதும் இலையில் ஒரு புரதம் உருவாகி, தண்டின் நுனிக்குச் சென்று கதிர் கட்டச் சொல்கிறது. பகலின் நீளத்தை அளக்கச் செடி தன் உள்கடிகாரத்தையே பயன்படுத்துகிறது என்று எர்வின் ப்யூனிங் 1936இல் ஊகித்தார். பின்னாளில் மரபணு ஆய்வுகள் அதை உறுதிசெய்தன. 1966இல் வெளியான ஐஆர் 8 போன்ற குட்டை ரகங்களில் இந்தப் பகல் உணர்வு இல்லை. அதனால்தான் எந்தப் பட்டத்திலும் நட்டு, நாட்களை எண்ணி அறுக்க முடிந்தது. பசுமைப் புரட்சியின் விளைச்சலுக்குப் பின்னால், செடியின் கடிகாரத்தைப் பருவத்திலிருந்து பிரித்த வேலையும் இருக்கிறது. பழைய ரகங்களுக்குத் திரும்பும் விவசாயிகள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அவற்றைப் பட்டம் தவறி விதைக்கக் கூடாது; வயலோரம் இரவெல்லாம் எரியும் பிரகாசமான விளக்கும் அவை பூப்பதைத் தாமதப்படுத்தக்கூடும்.

கடலும் கொசுவும்

பாக் நீரிணையின் ஆழம் குறைந்த கடலில் கிடைக்கும் முக்கிய இறால் இனம் ஒன்று பகலில் சேற்று மணலுக்குள் புதைந்து கிடக்கும். இருட்டியதும் எழுந்து மேயும். உலகக் கடல்கள் எங்கும் சிறு மிதவை உயிர்கள் இரவில் மேலேறிப் பகலில் ஆழத்துக்கு இறங்குவதும், அவற்றைத் தொடர்ந்து மீன்கள் நகர்வதும் அன்றாடம் நடப்பவை. எடையில் பார்த்தால் பூமியில் நடக்கும் மிகப் பெரிய இடப்பெயர்ச்சி அதுதான். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் என்ற முறையில் கடலுக்குப் போய், இரவு முழுவதும் வலை இழுத்து மறுநாள் கரைக்கு வருகின்றன. ஓர் இரவு விழிப்பு, ஓர் இரவு தூக்கம் என்று மாறி மாறி வரும் இந்த ஓட்டத்தில், கடிகாரம் இரவு வேலைக்கும் பழகுவதில்லை, பகல் வாழ்வுக்கும் திரும்புவதில்லை. எல்லைத் தாண்டலும் கைதும் பற்றிய அச்சத்தோடு இதையும் அவர்கள் சுமக்கிறார்கள்.

நோயைப் பரப்பும் உயிர்களும் நேரம் பார்க்கின்றன. யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவின் இளம் உயிர்கள் பகலில் நுரையீரலின் ரத்தக் குழாய்களில் ஒதுங்கியிருக்கும்; இரவில்தான் தோலுக்கு அருகே ஓடும் ரத்தத்துக்கு வரும். அவற்றை ஏந்திச்செல்லும் கியூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரமும் இரவுதான். 1870களின் இறுதியில் பேட்ரிக் மேன்சன் கண்டறிந்த இந்தப் பொருத்தத்தால்தான் நம் சுகாதாரப் பணியாளர்கள் இரவில் வீடு வீடாகச் சென்று ரத்தம் எடுத்தார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில், காலையிலும் பின்மாலையிலும் மிகுதியாகக் கடிப்பது. கொசுவலையை இரவுக்கு மட்டும் கட்டிவிட்டு டெங்குவிலிருந்து தப்பிவிட்டோம் என்று நினைக்க முடியாது.

மனிதரின் இரவு

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் புதுக்கோட்டையைக் கடந்து போனபின், ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமங்கள் பல நாட்கள், சில இடங்களில் வாரக்கணக்கில், மின்சாரம் இல்லாமல் கிடந்தன. தென்னையும் பலாவும் வீழ்ந்த அந்த நாட்கள் துயரமானவை. ஆனால் மின்விளக்கு வருமுன் இரவு எவ்வளவு இருண்டதாக இருந்தது என்பதை ஒரு தலைமுறை அப்போதுதான் முதன்முதலில் பார்த்தது.

அந்த இருட்டு உடலுக்கு என்ன செய்யும்? கொலராடோவில் கென்னத் ரைட் குழு 2013இல் சிலரை ஒரு வாரம் மின்விளக்கின்றிக் காட்டுவெளியில் தங்கவைத்தபோது, அவர்களுடைய கடிகாரம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னே வந்தது. இரவில் சுரக்கும் மெலட்டோனின் சூரியன் மறைவதை ஒட்டிச் சுரக்கத் தொடங்கியது. அதே சமயம், முன்னோர்கள் இருட்டியதும் படுத்தார்கள் என்ற எண்ணத்தையும் அப்படியே ஏற்க முடியாது. தான்சானியா, நமீபியா, பொலிவியா நாடுகளில் மின்சாரம் இல்லாமல் வாழும் மூன்று சமூகங்களை ஆராய்ந்த 2015ஆம் ஆண்டு ஆய்வு, அவர்கள் சூரியன் மறைந்து மூன்று மணி நேரத்துக்குப் பிறகே படுப்பதாகக் கண்டது. பேச்சும் நெருப்பும் கதையும் மனித இரவின் பகுதியாக எப்போதும் இருந்தவை. புதிதாக வந்தது நள்ளிரவைத் தாண்டியும் பகலைப் போல எரியும் வெளிச்சமும், அந்த வெளிச்சத்தில் ஓடும் வேலையும்.

அந்த வேலையைச் செய்பவர்களை நாம் அறிவோம். கிராமத்து நிறுத்தத்தில் இரவில் ஆலை வண்டிக்குக் காத்திருக்கும் இளம்பெண்கள், மருத்துவமனை வார்டில் செவிலியர்கள், தொலைதூரப் பேருந்து ஓட்டுநர்கள், விராலிமலைத் தொழிற்பேட்டையில் முறைவேலை செய்கிறவர்கள், கடலில் இருப்பவர்கள், தோட்டத்தில் இருப்பவர்கள். இரவு முறைவேலையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் காரணிகளின் பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் சேர்த்தது. 2019இல் மீண்டும் ஆய்ந்து அதையே உறுதிசெய்தது. முழுமையாக நிறுவப்பட்ட காரணி என்று அது சொல்லவில்லை, வாய்ப்பு மிகுந்தது என்றே சொல்கிறது. சர்க்கரை நோய், உடற்பருமன், இதய நோய் ஆகியவற்றோடு முறைவேலைக்கு உள்ள தொடர்பைப் பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. விபத்துகள் பின்னிரவில் கூடுவதும், மாரடைப்பு காலை வேளையில் மிகுவதும் மருத்துவர்கள் நன்கறிந்தவை. குறிப்பிட்ட நேரத்துக்குள் மட்டும் உண்பதால் எடையும் சர்க்கரையும் குறையும் என்பதற்கான சான்றுகளோ கலவையாகவே இருக்கின்றன. கடிகாரத்தின் பெயரால் விற்கப்படும் எல்லா உணவுமுறைகளையும் நம்பிவிட வேண்டியதில்லை.

இளையோர் கதை வேறு. பருவ வயதில் கடிகாரம் பின்னே நகர்கிறது; 20 வயதை ஒட்டி மிகவும் பிந்துகிறது என்று டில் ரோனபெர்க் 2004இல் காட்டினார். அந்த வயதுப் பிள்ளையை விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பிப் படிக்கவைப்பது நம் வீடுகளில் நல்ல வளர்ப்பின் அடையாளம். முன்னிரவில் சீக்கிரம் தூங்கிய பிள்ளைக்கு அது பொருந்தலாம். இரவு பதினொன்றரைக்குப் படுத்த பிள்ளைக்கு அது கனவு வரும், நினைவு உறுதிப்படும் கடைசித் தூக்கத்தைப் பறிப்பதாகும். பிள்ளை சோம்பேறி இல்லை. அவன் உடலின் கடிகாரத்தில் அப்போது நள்ளிரவு.

இனி செய்ய வேண்டியது

முந்நூறு ஆண்டு ஆய்வு சொல்வதை இரண்டு வரியில் அடக்கலாம். நேரம் உயிருக்குள்ளேயே இருக்கிறது, ஆகவே ஆணையிட்டு அதை மாற்ற முடியாது. ஆனால் ஒளியும் உணவும் உறவும் அதைத் திருத்துகின்றன, ஆகவே அதற்கு உதவ முடியும்.

உதவும் வழிகள் பெரும்பாலும் செலவில்லாதவை. முறைவேலையை மாற்றும்போது காலையிலிருந்து மாலைக்கும் மாலையிலிருந்து இரவுக்கும் என முன்னோக்கி மாற்றினால், 24 மணி நேரத்தைவிடச் சற்று நீண்ட மனிதக் கடிகாரம் எளிதாகப் பின்தொடரும். தொடர்ச்சியான இரவு முறைகளைக் குறைக்கலாம். ஓர் இரவு முறைக்கும் அடுத்த பகல் முறைக்கும் நடுவே போதிய இடைவெளியைக் கட்டாயமாக்கலாம். ஆலை விடுதிகளில் பகலில் தூங்குவோருக்கு இருண்ட, அமைதியான அறை வேண்டும். குளக்கரையிலும் வயலோரத்திலும் போடும் தெருவிளக்கை மேலே சிதறாமல் மூடியிட்டு, நீலம் குறைந்த மஞ்சள் ஒளியாகப் போட்டால் பாதை தெரியும். மின்மினியும் விட்டிலும் பிழைக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்பு, கேட்கத் தொடங்க வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கிறார்கள். அதே வாசலில் இன்னும் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம்: இரவில் எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், வாரத்தில் எத்தனை இரவு வேலை செய்கிறீர்கள்? பூப்பறிக்கும் பெண்ணின் ரத்த அழுத்தமும் கடலிலிருந்து திரும்பியவரின் சர்க்கரையும் எந்த நேரத்தில் அளக்கப்பட்டன, அதற்கு முந்தைய இரவு அவர்கள் தூங்கினார்களா என்று தெரியாமல் அந்த எண்களுக்கு முழுப் பொருள் இல்லை. உழைப்பின் நேரத்துக்குக் கூலி பேசும் சமூகம், அந்த உழைப்பு எடுத்துக்கொண்ட தூக்கத்தையும் கணக்கில் எழுத வேண்டும். கூலி உயர்வைப் போலவே தூக்கமும் தொழிலாளர் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெறுவது நியாயம். அதற்கான சான்று அறிவியலிடம் போதிய அளவு இருக்கிறது.